யானைக் கொட்டாரத்துக்கு மேற்கே

மலைமேல் பெரியாற்று அணை வேலையில், பனிக்குள்ளே சுண்ணாம்பு நெடியில் உட்கார்ந்திருக்கும் என் மகனுக்கு, கீழே அனுமந்தன்பட்டியில் ஒரு கையால் வெயிலையும் மறு கையால் ஈயையும் ஓட்டிக்கொண்டிருக்கும் சித்தப்பன் எழுதுவது. இந்தக் கடிதத்துக்காக மேகமலையில் இருந்த நாணல் முழுவதையும் பேனாவாகச் சீவித் தீர்த்துவிட்டேன். ஒளிய இடமில்லாமல் அங்கே யானைகளெல்லாம் துதிக்கையைப் பிசைந்துகொண்டு நிற்கின்றன. மைக்கு முல்லையாற்றைக் கலக்கலாமென்று போனேன், கணுக்கால்கூட நனையவில்லை. உன் துரைமார்கள் மலையைக் குடைந்து அந்தப் பக்கத்து ஆற்றை இந்தப் பக்கம் திருப்பப் போகிறார்களாமே, அது வந்த பிறகு இன்னும் கெட்டியாகக் கலக்கிக்கொள்கிறேன். இப்போதைக்கு இருக்கிற மையில் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்தது. உன் ஆத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. நீ எழுதியிருந்தது இதுதான்: அத்தை சொல்வது சரி, மாளிகை வீட்டார் நாம், காலமான அப்பா தம் கண்ணால் பார்த்துவந்து சபையில் சொன்ன மாளிகை அது, பொய்யே சொல்லாத மனிதர் அவர், வாய்க்கால் வெட்டியவர்கள் வழியில் பெண் எடுத்தால் அவர் வார்த்தைக்குக் குறைவு, ஆகவே கூடலூருக்கு வேண்டாம் என்று சொல்லியனுப்புங்கள். நான் சொல்லியனுப்பவில்லை. உன் கடிதத்தை மடித்துக் கூரையில் செருகிவிட்டு யோசித்தேன். நான் யோசித்த வேகத்தில் கூரை பற்றிக்கொள்ளாதது நம் குலதெய்வத்தின் புண்ணியம்.

அந்தப் பெண்ணைக் கேட்கச் சொன்னவன் நீ. சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு மலைக்கு வரும் கூடலூர் வண்டிக்காரரின் மகள் என்றும், அப்பனுக்குச் சோறு கொண்டுவந்தபோது பார்த்தேன் என்றும், அவள் மாட்டை அதட்டிய குரல் இன்னும் காதிலேயே நிற்கிறது என்றும் என்னிடம் வந்து குழைந்தவனும் நீதான். தேங்காயும் வெற்றிலையும் எடுத்துக்கொண்டு போய்க் கேட்டவன் நான். கூடலூர்த் தெரு முழுவதும் பார்த்தது. இப்போது பின்வாங்கினால் உனக்கொன்றுமில்லை, இன்னொரு வீட்டு வாசலுக்கு என்னைத் துரத்துவாய். அவளுக்கு? கேட்டுவிட்டு விட்டுப்போன பெண் என்று ஒரு பேர் வரும். அந்தப் பேரோடு ஒருத்தி என்ன பாடுபடுவாள் என்பது நம் வீட்டுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சொல்வதில் ஒரு சங்கடம் இருக்கிறது. நான் சொல்வதை நம்பாமலிருப்பது இந்தப் பள்ளத்தாக்கில் வெகுநாள் பழக்கம். சுருளி அருவியில் தவறவிட்ட செம்பை மதுரை வைகையில் நின்று பிடித்தேன் என்றேன், நம்பினார்களா? கூடலூர்ச் சந்தையில் ஒரு கரடி எனக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தது, சுண்ணாம்பு கொஞ்சம் கூடிவிட்டது என்றேன், அதையும் நம்பவில்லை. உன் அப்பன் கதை வேறு. அண்ணன் வானத்தைப் பார்த்து "மழை வரும்போல" என்று முனகினால் ஊரே ஓடிப்போய் வைக்கோலை மூடும். நான் சொட்டச்சொட்ட நனைந்து வந்து "மழை பெய்யுது" என்றால் யாராவது ஒருவர் எழுந்து வெளியே போய்க் கையை நீட்டிப் பார்ப்பார். ஆகையால் இங்கே ஒரு கோடு கிழிக்கிறேன். இதற்குக் கீழே, மறு கோடு வரும்வரை, ஒரு கடுகளவும் பொய் கிடையாது. எனக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துப் பார்த்து, கொஞ்சம் பரிவோடு படி.

கோடு.

நம் வழக்கம் உனக்குத் தெரியும். உன் கூடாரத்தில் உன் தோள் வழியே எட்டிப் படிக்கும் சிநேகிதர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் கன்னடமும் வாசலில் தமிழும் பேசுகிறவர்கள் நாங்கள். விஜயநகரத்து ராஜ்ஜியம் விழுந்தபோது மாட்டை ஓட்டிக்கொண்டு தெற்கே வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறோம். நிச்சயதார்த்தத்தில் வெற்றிலை மாற்றுவதற்கு முன்னால், இரண்டு வீட்டிலும் மூத்த ஆண் எழுந்து, பழைய பட்டணத்தில் எங்கள் இடம் இன்னது என்று சபைக்குச் சொல்ல வேண்டும். ஒருவர் தேர்முட்டி என்பார், ஒருவர் ஆற்றங்கரை மண்டபம் என்பார், கூடலூர் வண்டிக்காரர் வீட்டில் ராஜாவுக்கு வாய்க்கால் வெட்டினோம் என்பார்கள். நம் வீட்டுக்கு, "யானைக் கொட்டாரத்துக்கு மேற்கே மாளிகை." யாரும் பார்த்தவரில்லை. பார்க்கவேண்டிய அவசியமும் இருந்ததில்லை, ரயில் வருகிறவரைக்கும்.

நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம் அது. உன் அத்தைக்குச் சின்னமனூரில் மாப்பிள்ளை. தென்னந்தோப்பு, நஞ்சை, வீட்டுக்கு வெளியே நாலு வண்டி. சபை கூடி, உன் தாத்தா எழுந்து மாளிகை என்று சொல்லி முடிக்கவில்லை, மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தார்.

"எல்லாரும் மாளிகைங்கிறாக. அம்புட்டுப் பேருக்கும் மாளிகைன்னா, அங்கன குடிசையில இருந்தவுகெல்லாம் எங்க போனாக? இப்பத்தான் அந்தப் பக்கம் ரயிலு ஓடுதாமே. உங்க மூத்த மகன் பொய் சொல்லாத ஆளு. அவரு போயி ஒரு எட்டுப் பாத்துட்டு வந்து சபையில சொல்லட்டும். அப்பறம் வெத்தல மாத்திக்கிருவோம்."

வேறு சாதி சனமாக இருந்தால் இதைக் கேலி என்று விட்டிருப்பார்கள். நம் ஆட்கள் கட்டுச்சோறு கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அத்தை கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். பந்தல் போட்டு, உறவெல்லாம் வந்து, வெற்றிலை மாற்றாமல் தட்டுகள் திரும்பிப் போயின. அண்ணனுக்குத் துணையாக நானும் கிளம்பினேன்.

அம்மையநாயக்கனூர் வரை மாட்டுவண்டி, பிறகு ரயில், ரயில் மாறி ரயில். ரயிலைப் பற்றி என்னிடம் வண்டிவண்டியாக இருக்கிறது. கோடு போட்டுவிட்டேனே, தாண்டிப் போகிறேன். பழைய பட்டணத்துக்குப் பக்கத்து ஹொஸ்பேட்டையில் இறங்கி நடந்தோம். மகனே, அந்த இடத்தை எப்படிச் சொல்வேன்? நாம் பார்த்த மலையெல்லாம் காடு போர்த்திய மலை. அங்கே மலை என்பது பாறையைக் கூடைகூடையாகக் கொட்டியதுபோல ஒரு குவியல். அதன் நடுவே பார்க்கிற பக்கமெல்லாம் கல்கட்டடம். கோயில் வாசலிலிருந்து ஒரு கடைத்தெரு, இரண்டு பக்கமும் கல்தூண் மண்டபம். வைரம் விற்றார்களாம் அங்கே. நாங்கள் பார்த்தபோது தூணுக்குத் தூண் எருமை கட்டியிருந்தது, ஒரு அம்மாள் வறட்டி தட்டிக்கொண்டிருந்தாள். வழியில் ஒரு நரசிம்மர், ஒரே கல்; கையெல்லாம் உடைத்திருந்தார்கள், முழித்த கண் மட்டும் அப்படியே முழித்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்த நிலையிலேயே பனைமரம் உயரம்... இல்லை, பனைமரம் இல்லை, ஒரு தென்னங்கன்றைவிடக் கூட. கோட்டுக்குள் இருக்கிறேன்.

அண்ணன் அதிகம் பேசமாட்டார், உனக்குத் தெரியும். அன்றைக்கு வழியெல்லாம் பேசினார். ஒரு முள்காட்டைத் தாண்டினதும் யானைக் கொட்டாரம் தெரிந்தது. நிஜமாகவே இருந்தது! வரிசையாக உயர உயர வாசல்கள், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு கும்மட்டம், ஒன்றுபோல் ஒன்றில்லை. உன் அப்பன் என் தோளைப் பிடித்து உலுக்கி, "இருக்குடா! இருக்குடா, ஐயா சொன்னது அப்படியே இருக்குடா!" என்று கத்தினார். உள்ளே இருந்த வௌவாலெல்லாம் கிளம்பிப் பறந்தன. சூரியனைப் பார்த்து மேற்கு எது என்று கையை நீட்டினார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். சொந்த வீட்டுக்குள் நுழைகிறாராம்.

மேற்கே கல்மேடைகள் கிடந்தன. இடுப்பளவு மேடை, மேலே ஏறப் படி, படியின் பக்கவாட்டில் யானை செதுக்கியிருந்தது. ஏறினால் ஒன்றுமில்லை. தூண் நட்ட குழிகள், நடுவே கொளுஞ்சிச் செடி, ஆடு. ஒரு மேடை என்றால் நம்முடையது என்று சொல்லிவிடலாம். அடுத்தடுத்து மேடை, பார்க்கப் பார்க்க மேடை. ஓரத்தில் கரும்பு அடர்ந்திருந்தது. கரும்புச் சோகை உரித்துக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளை எங்களைப் பார்த்து இடுப்பில் கைவைத்து நின்றாள். அண்ணன் நம் வீட்டுக் கன்னடத்தில் கேட்டார். அவளுக்குப் பாதிதான் புரிந்தது, அந்தப் பாதிக்கே விழுந்து விழுந்து சிரித்தாள். நாம் பேசுவதைக் கன்னடம் என்று நாம்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். அவள் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"தெக்கத்தி ஆளுகளா? மாளிகை தேடி வந்தீகளா? நல்லாத் தேடுங்க. எல்லாம் மரத்துல கட்டுனது, எரிஞ்சு போச்சு. கல்லு மட்டுந்தான் மிச்சம்."

"இங்கன எங்க வீடு இருந்துச்சு தாயி. எந்த மேடைன்னு..." அண்ணன் இழுத்தார்.

"எந்த மேடை வேணும்? போன அறுப்புல ஒரு பெரியவரு இந்தா, நீங்க நிக்கிற மேடையிலதான் விழுந்து அழுதாரு, எங்க பாட்டன் வீடுன்னு. அதுக்கு முந்தி ஒரு குடும்பமே வந்து இங்கன பொங்க வச்சுச்சு. பிடிச்சதா ஒண்ணு எடுத்துக்கங்க, நான் ஒண்ணும் கேக்கமாட்டேன். ஆட்டை மட்டும் வெரட்டாதீக."

நான் சிரித்துவிட்டேன். அண்ணன் சிரிக்கவில்லை. மேடை மேடையாக ஏறி இறங்கினார், உச்சி வெயில் சாயும்வரை. ஒரு மேடையின் மூலையில் கல்லிலேயே குடைந்த ஒரு உரல்குழி இருந்தது. அதில் கையை விட்டுத் தடவிக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். குழியின் உள்பக்கம் வழவழவென்று இருந்தது.

"யாரோ ஒருத்தி இதுல மாவு இடிச்சிருக்காடா" என்றார்.

"நம்ம வீட்டுக்காரியா?"

"தெரியலை. நம்மவ இல்லைன்னும் சொல்ல முடியலை."

திரும்பும் வழியில் ஒரு வாய்க்காலில் குளித்தோம். ராஜா காலத்தில் வெட்டிய வாய்க்கால் என்றார்கள், கல் கட்டிய கரை. அந்தக் கரும்புக்கெல்லாம் அதுதான் பாய்ந்தது. அதை வெட்டியது கூடலூர்க்காரர்களின் பாட்டன்தான் என்று எழுதி உன்னை மடக்கப் பார்க்கமாட்டேன். யார் வெட்டினார்கள் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஊர் வந்ததும் சபை கூடியது. மாப்பிள்ளையின் அப்பா விளையாட்டுக்காக முதலில் என்னைக் கேட்டார், "என்ன சின்னவரே, நீங்க சொல்லுங்க பாப்போம், மாளிகை எத்தன நெல?" வாழ்க்கையில் முதல்முறையாக நான் எழுந்து நின்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். "மாளிகையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை மாமா. வெறும் மேடை. ஆடு மேயுது." சபை சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "இவரு அம்மையநாயக்கனூர்லயே எறங்கித் தூங்கிருக்காரு" என்றார் ஒருவர். "ரயிலு கூவுனதுல பயந்து ஓடி வந்துட்டாரு" என்றார் இன்னொருவர். எல்லாரும் சிரித்தார்கள், மாப்பிள்ளையின் அப்பாவைத் தவிர. அவர் துண்டை எடுத்து மடித்தார். எழுந்து போகிறவர்கள் மடிப்பதுபோல மடித்தார். "மூத்தவரு சொல்லட்டும்" என்றார்.

உன் அப்பன் எழுந்தார். கதவோரம் பார்த்தார். அத்தை நின்றிருந்தாள், போன தடவை கட்டியிருந்த அதே சேலையில். இரண்டாம் தடவையும் தட்டு திரும்பினால் அவளை யார் கேட்டு வருவார்கள்?

"பாத்தேன். இருக்கு" என்றார்.

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். மாடி, தூண், சந்தன ஊஞ்சல் எல்லாம் மற்றவர்கள் பிற்பாடு கட்டியது. வெற்றிலை மாறியது. உன் அத்தை இன்றைக்குச் சின்னமனூரில் கொத்துச்சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஆட்சி செய்கிறாள் என்றால், அந்த இரண்டு வார்த்தையின் மேல்தான் நின்று செய்கிறாள்.

கோடு. பொய்யில்லாத பகுதி முடிந்தது. அப்பாடா! இவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்ததில் என் மீசை நரைத்தே போய்விட்டது.

நான் சொல்வதை நீ நம்பவேண்டாம். உனக்கே தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். நம் உறவில் எத்தனை நிச்சயதார்த்தத்துக்கு அப்பாவோடு போயிருக்கிறாய்? இடம் சொல்ல எழுகிற நேரத்தில் அவர் எங்கே இருந்தார்? "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வாரேன்" என்று எழுந்து போய்விடுவார். வெற்றிலை மாற்றிய பிறகுதான் வருவார். நம் மாடுகள் அப்படித் தண்ணீர் குடித்தால் பெரியாற்று அணைக்கு வேலையே இருந்திருக்காது. அந்த ஒரு பொய் அவர் தொண்டையை விட்டு இறங்கவேயில்லை, மகனே. ஆனால் அதைச் சொன்னதற்காக அவர் ஒருநாளும் வருந்தியதில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? நான் அல்ல, உன் ஆத்தா சொன்னாள். உன் கடிதத்தைப் படித்த அன்று அடுப்படியிலிருந்து வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் நின்றாள்.

"ரயில் விட்டு வந்த அன்னிக்கே எங்கிட்டச் சொல்லிட்டாக தம்பி. சபையில இருக்குன்னு சொல்லப்போறேன்னும் சொன்னாக. 'கல்லு எப்படியும் கெடக்கும், பிள்ளைக்குத்தான் வயசு போயிரும்'னு சொன்னாக. நீங்க எழுதுங்க. அவுக பேரச் சொல்லிக்கிட்டு இவன் ஒரு பிள்ளையத் திருப்பி அனுப்பக் கூடாது."

அத்தையிடமும் போனேன். அவளை விட்டு உன்னிடம் மட்டும் சொல்வது முறையல்ல. ஊஞ்சலில் உட்கார்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஏண்ணே, கரடிகிட்ட வெத்தல வாங்கித் தின்ன வாயி இது. இந்த வாய நம்பி நான் என் பெறந்த வீட்டு மாளிகைய விட்டுக்குடுக்கணுமாக்கும்?" என்றாள். அண்ணன் நின்ற நிலையை, கதவோரம் அவள் நின்ற நிலையை, கட்டியிருந்த சேலையின் நிறத்தைக்கூடச் சொன்னேன். ஊஞ்சல் நின்றது. எழுந்து உள்ளே போய்ச் செம்போடு வந்தாள். பிறகு, "மோரு குடிச்சிட்டுப் போண்ணே" என்றாள். சம்மதம் என்று நான் சொல்லவில்லை. மோரில் பெருங்காயம் தூக்கலாக இருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அப்பா பெயருக்குக் குறைவு வரக்கூடாது என்று நீ நினைப்பதில் எனக்குப் பெருமைதான். அந்தப் பெருமையில் இந்தப் பக்கத்து மலையெல்லாம் ஒரு முழம் வளர்ந்துவிட்டன. ஆனால் உன் அப்பன் யார் என்று கொஞ்சம் பார். ஒரு பெண் கதவோரம் நின்று அவமானப்படுவதைத் தாங்காமல், உயிரைவிடப் பெரிதாக வைத்திருந்த தன் வார்த்தையை எடுத்து அவள் காலடியில் போட்ட மனிதர். நீ அவர் வார்த்தையைத் தூக்கி நிறுத்த இன்னொரு பெண்ணைக் கதவோரம் நிற்கவைக்கிறாய். வயதுதான் காரணம், உன்மேல் எனக்குக் கோபமில்லை. இந்த வயதில் நான் செய்த முட்டாள்தனங்களை அடுக்கினால் அந்தப் பட்டணத்துப் பாறைக்குவியல் வெட்கப்படும். கல்யாணத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்: எந்த வீட்டிலிருந்து வந்தாள் என்று பார்க்கிற கண் ஒரு வருஷத்தில் மூடிவிடும். அவள் மாட்டை அதட்டுகிற குரல்தான் ஆயுசுக்கும் கேட்கும். அது காதிலேயே நிற்கிறது என்று சொன்னவன் நீ.

நேற்றுக் கூடலூருக்கும் போய்வந்தேன். வாசலில் வண்டி அச்சுக்கு மை போட்டுக்கொண்டிருந்தார் அந்த மனிதர். கோட்டுக்குள் எழுதியதையெல்லாம் ஒன்றுவிடாமல் அவரிடமும் சொன்னேன். கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"நாங்க மட்டும் வாய்க்கா வெட்டுனதப் பாத்தமாண்ணே? எங்கய்யாவுக்கு அவுகய்யா சொன்னாக. அவுக எனக்குச் சொன்னாக. வெட்டுனாகளோ, கரையில ஒக்காந்து பொரி தின்னாகளோ!"

"அப்ப ரெண்டு வீடும் சமமாப் போச்சு" என்றேன்.

"சமந்தான். ஆனா உத்தமபாளையத்துல ஒரு எடத்துல கேட்டிருக்காக. உங்க பையன் பக்கத்துலருந்து ஒரு பேச்சும் வரல. வேணாங்கிறாருன்னு வண்டிக்காரப் பயலுக வேற பேசிக்கிறாங்கெ. வெயாழக்கெழம வரைக்கும் அவுகளுக்குப் பதில் சொல்லாம வச்சிருக்கேன். அதுக்கு மேல எனக்கும் பிள்ளைய வச்சுக்கிட்டு..."

முடிக்கவில்லை. நிலைப்படிக்கு உள்ளேயிருந்து குரல் வந்தது. நான் அவளைப் பார்க்கவில்லை, வளையல் கையில் பிடித்த முறத்தின் விளிம்பைத்தான் பார்த்தேன்.

"மாளிகை இருந்தா எனக்கென்ன, இல்லாட்டி எனக்கென்ன? அவுகளுக்கு நான் வேணுமா வேண்டாமா, அத அவுக வந்து அவுக வாயால சொல்லச் சொல்லுங்க. ஆள்விட்டுச் சொல்ற சோலியெல்லாம் வேண்டாம்."

"ஏ ஆத்தா, உள்ள போ" என்றார் வண்டிக்காரர்.

"போறேன். சொல்லிட்டுப் போறேன்."

மகனே, இந்தப் பள்ளத்தாக்கில் என் வாயை அடைத்தவர் யாருமில்லை. புலி முயன்று தோற்றிருக்கிறது. நேற்று நான் சத்தமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகையால் செய்யவேண்டியது உன்னுடையது. இந்தக் கடிதம் நாளை கல் ஏற்றிவரும் வண்டியில் உன் கைக்கு வரும். சுமை இறக்கிய வண்டிகள் காலியாகத்தான் மலையிறங்குகின்றன. ஓவர்சியரிடம் காய்ச்சல் என்று சொல், அந்த மலையில் அதை யாரும் சந்தேகப்படமாட்டார்கள். வீட்டுக்கு வராதே, வியாழனுக்குள் நேரே கூடலூருக்குப் போ. வேண்டும் என்றாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி, அந்த வாசலில் நின்று உன் வாயால் சொல். வேண்டும் என்று சொன்னால், நம் வீட்டு மூத்த ஆணாக நான் சபையில் எழுந்து, பழைய பட்டணத்தில் எங்கள் இடம் எதுவென்று எங்களுக்குத் தெரியாது என்று சொல்லப்போகிறேன். நம் சனத்தில் யாரும் இதுவரை சொல்லாத வார்த்தை. என் வாயிலிருந்து வருவதால் அதையும் பெரும் புளுகு என்றே எடுத்துக்கொள்வார்கள், கவலைப்படாதே.

இதை மடிக்கப் போகும்போது உன் ஆத்தா பக்கத்தில் வந்து நின்றாள். "பிள்ளைக்கு ஏதாவது சொல்லணுமா மதினி?" என்றேன்.

"முகத்த வழிச்சுக்கிட்டுப் போகச் சொல்லுங்க. தாடியோட போயி அந்த வாசல்ல நிக்க வேண்டாம்."

"வேண்டாம்னு சொல்லப் போனாலுமா?"

"அதுக்கு அவன் போகமாட்டான். எழுதுங்க" என்றாள்.

எழுதிவிட்டேன்.